திட்டமாட்டேன்னு சொல்லு

புதன்கிழமை ராத்திரி ஒன்பது மணி இருக்கும். தோசைக்கல்லைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். மனைவி டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் குப்புறக் கிடந்தது.

“ஒண்ணு சொல்லணும். திட்டமாட்டேன்னு சொல்லு.”

“விஷயத்த சொல்லு மொதல்ல.”

“இல்ல. திட்டமாட்டேன்னு சொல்லு.”

நான் சொல்லவில்லை. அவளே போனைத் திருப்பி நீட்டினாள். வங்கியிலிருந்து வரிசையாக நான்கு எஸ்எம்எஸ். முதலாவது 83 ரூபாய் 40 காசு. நான்கு நிமிடம் கழித்து 12,918 ரூபாய். அதற்கடுத்து 17,240. மறுபடியும் அதே 17,240. எல்லாம் அவளுடைய கிரெடிட் கார்டில். கடைப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்து, நடுவில் ஒரு நட்சத்திரக் குறியோடு ஏதோ இருந்தது. நேரம் திங்கள் அதிகாலை 2.47 முதல் 2.58 வரை. அந்த நேரத்தில் அவள் நைட் ஷிஃப்டில் இருந்தாள். அவள் வேலை பார்ப்பது ஒரு ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். நாற்பத்தேழாயிரத்துச் சொச்சம். அவளுடைய ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேல்.

நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “ஓடிபி யாருக்குச் சொன்ன?”

“யாருக்காவது சொன்னியா” என்றுகூட இல்லை. “யாருக்குச் சொன்ன.” சொல்லியிருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டு, பெயரை மட்டும் கேட்டேன். எழுதும்போதுதான் அந்த வித்தியாசம் கண்ணில் படுகிறது. கேட்டபோது படவில்லை.

“ஓடிபியே வரல” என்றாள்.

நான் நம்பவில்லை. அவள் போனை வாங்கி இன்பாக்ஸை மேலிருந்து கீழே உருட்டினேன். அழித்த மெசேஜ்கள் எங்கே போகும் என்று தேடினேன். வாட்ஸப்பில் தெரியாத எண் ஏதாவது இருக்கிறதா, போன் கால் பட்டியலில் திங்கட்கிழமை யார் யார் கூப்பிட்டிருக்கிறார்கள், புதிதாக ஏதாவது ஆப் இறங்கியிருக்கிறதா என்றெல்லாம் பார்த்தேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். அவள் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு ஓடிபியும் இல்லை.

எனக்கு ஐடி கம்பெனியில் டெஸ்டிங் வேலை. ஏதாவது உடைந்தால், எங்கே உடைந்தது, யார் கை பட்டு உடைந்தது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். வீட்டிலும் அதே புத்தி. முதலில் செய்ய வேண்டியது கார்டை முடக்குவது. அதைக்கூட அவள்தான் ஞாபகப்படுத்தினாள்.

வாடிக்கையாளர் சேவைக்கு என் போனிலிருந்து அடித்தேன். எட்டு நிமிட இசைக்குப் பிறகு ஒரு பையன் வந்தான்.

“கார்டு யார் பேர்ல சார் இருக்கு?”

“என் ஒய்ஃப் பேர்ல. நான் அவங்க ஹஸ்பண்ட்தான். டீட்டெய்ல்ஸ் எல்லாம் எனக்குத் தெரியும்.”

“கார்டுஹோல்டர்கிட்ட மட்டும்தான் சார் பேச முடியும்.”

அவளுடைய கார்டு எண் எனக்கு மனப்பாடம். பிறந்த தேதி தெரியும், அம்மா பெயர் தெரியும். அந்தக் கார்டுக்கு விண்ணப்பம் நிரப்பியதே நான்தான். அதையெல்லாம் விளக்கப் போனேன். “மேடம் பக்கத்துல இருந்தா குடுங்க சார்” என்றான். ஸ்பீக்கரில் போட்டு அவளிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுத்தேன். ‘அந்த 83 ரூபாயச் சொல்லு, டைமச் சொல்லு.’

“மேடம், பக்கத்துல யாரோ பேசறாங்க. நீங்களே சொல்லுங்க மேடம். இந்த நாலு ட்ரான்ஸாக்‌ஷனும் நீங்க பண்ணீங்களா?”

“இல்ல.”

“ஓகே மேடம். நோட் பண்ணிக்கிட்டேன்.”

அவ்வளவுதான். எங்கேயோ ஒரு கால் சென்டரில் உட்கார்ந்திருக்கிற, அவள் முகத்தையே பார்க்காத ஒரு பையன், அவள் சொன்ன ஒற்றை ‘இல்ல’யை அப்படியே எழுதிக்கொண்டான். ஏழு வருடமாகக் கூட இருக்கிற நான் இருபது நிமிடம் இன்பாக்ஸைக் குடைந்திருந்தேன்.

கார்டு முடக்கப்பட்டது. புகார் எண் வந்தது. பிறகு 1930-க்கு அடித்தோம். சைபர் மோசடிக்கான உதவி எண். நான்காவது முறைதான் லைன் கிடைத்தது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்து முடித்தபோது மணி பன்னிரண்டே கால்.

*

மறுநாள் ஆபீஸில் வேலையை ஓரமாக வைத்துவிட்டு இதைப் பற்றியே படித்தேன். ஓடிபி இல்லாமல் எப்படிப் பணம் போகும் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

நம் ஊரில் இணையத்தில் கார்டு போட்டால் கூடுதலாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-லேயே கட்டாயமாக்கிவிட்டது. அதனால் ஓடிபி என்பது உலக வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கார்டு எண், காலாவதித் தேதி, பின்னால் இருக்கும் மூன்று இலக்க சிவிவி, இவை போதும். இந்த மூன்றும் ஏதாவது ஒரு தளத்திலிருந்து திருடப்பட்டிருக்கலாம். திருடக்கூட வேண்டாம், ஊகிக்கலாம். கார்டு எண் கண்டபடி அமைந்த எண் அல்ல. முதல் சில இலக்கங்கள் வங்கியைக் குறிக்கும். கடைசி இலக்கம், மற்ற இலக்கங்களை வைத்துக் கணக்குப் போட்டு வருவது. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் கண்டுபிடித்து 1960-இல் காப்புரிமை பெற்ற சூத்திரம் அது. எண்ணைத் தவறாக அடித்தால் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்தது. ஐந்து வருடக் கார்டு என்றால் காலாவதி மாதத்துக்கு அறுபது வாய்ப்பு. சிவிவிக்கு ஆயிரம். மனிதனுக்குத்தான் இதெல்லாம் பெரிய எண்கள். 2016-இல் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பல தளங்களில் ஒரே நேரத்தில் முயன்று ஆறே நொடிகளில் இந்த விவரங்களைக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டியிருக்கிறார்கள்.

அந்த 83 ரூபாயும் அப்போதுதான் புரிந்தது. கார்டு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது. சின்னத் தொகை போனால் பெரிய தொகை பின்னாலேயே வரும்.

ஆக, அவள் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் இது நடக்கும்.

பிறகு ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையைப் படித்தேன். வாடிக்கையாளர் மேலும் வங்கி மேலும் தப்பில்லாமல் வேறெங்கோ கசிந்து பணம் போயிருந்தால், தகவல் வந்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட வேண்டும். சொன்னால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. நான்கிலிருந்து ஏழு நாள் ஆகிவிட்டால், அவளுடையது போன்ற கார்டுக்குப் பத்தாயிரம் வரை நாமே ஏற்க வேண்டும். ஏழையும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. ஓடிபி, பின் நம்பரை நாமே யாருக்காவது கொடுத்திருந்தால், புகார் சொல்லும் வரை போனதெல்லாம் நம் தலையில். பணத்தைப் பத்து வேலை நாட்களுக்குள் வங்கி தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். தொண்ணூறு நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு வரி இருந்தது. தப்பு வாடிக்கையாளருடையதுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது. அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். வங்கியே ‘அவள் செய்யவில்லை’ என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் எங்கிருந்து தொடங்கினேன்?

மூன்று வேலை நாள். செவ்வாய், புதன், வியாழன். புதன் ராத்திரி சொன்னோம். இரண்டு போய்விட்டது, ஒன்று மிச்சம்.

அன்றைக்குச் சாயங்காலம் கேட்டேன். இந்த முறை கொஞ்சம் தணிந்த குரலில்தான். “திங்கக்கிழமையே ஏன் சொல்லல?”

“காலைல லாக்கரத் தொறந்தப்பவே பாத்தேன். மொதல்ல அந்த மெசேஜே ஃப்ராடுன்னு நெனச்சேன். எதையும் நம்பாதன்னு நீதான சொன்ன. அப்புறம் மத்தியானம் ஆப்ல பாத்தா நெஜமாவே போயிருக்கு.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “ஈபி கதைய எல்லார்கிட்டயும் சொல்ற மாதிரி இதையும் சொல்லுவ.”

ஈபி கதை இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்பு அவளுக்கு ஒரு மெசேஜ் வந்தது. ‘கரண்ட் பில் கட்டவில்லை, இன்று இரவு ஒன்பதரைக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்குப் பேசவும்.’ பேசினாள். ஏதோ ஒரு ஆப்பை இறக்கச் சொன்னான், இறக்கினாள். ஆறாயிரம் போனது. அந்த மாத ஈபி பில்லைக் கட்டியிருக்க வேண்டியது நான். மறந்துவிட்டேன். அதனால்தான் அவள் பயந்து பேசினாள். ஆனால் கதை சொல்லும்போது அந்தப் பகுதியை நான் சேர்ப்பதில்லை. “சார், ஆப் டவுன்லோட் ஆயிடுச்சு சார்” என்று அவள் குரலில் பேசிக் காட்டுவேன். என் அக்கா வீட்டில் சொல்லியிருக்கிறேன், நண்பன் வீட்டுப் பால் காய்ச்சும்போது சொல்லியிருக்கிறேன், அவளுடைய தங்கை வளைகாப்பில் சாப்பாட்டுப் பந்தியில் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அவள் சிரித்ததால் அவளுக்கும் அது தமாஷ்தான் என்று நினைத்திருந்தேன்.

மூன்று நாளில் இரண்டு நாள் அந்தச் சிரிப்புக்குப் போனது.

*

வங்கி ஒரு படிவம் அனுப்பியிருந்தது. தேதி, கடையின் பெயர், தொகை. கீழே உறுதிமொழி: இவற்றை நான் செய்யவில்லை, அனுமதிக்கவும் இல்லை, கார்டு என்னிடமே இருந்தது, விவரங்களை யாருடனும் பகிரவில்லை.

கடைசி வரியில் அவள் பேனாவை நிறுத்தினாள். “உன்கிட்ட குடுத்திருக்கேனே?”

“அதெல்லாம் கணக்குல வராது.”

“யாருடனும்னு போட்டிருக்கே.”

“புருஷன் பொண்டாட்டி எப்படிப்பா யாருடனும் ஆகும்? அத எழுதினா ரிஜெக்ட் பண்ணிருவான்.”

அவள் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினாள்: ‘என் கணவர் இந்தக் கார்டை அவ்வப்போது பயன்படுத்தியதுண்டு. மேற்கண்ட நான்கும் அவர் செய்தவை அல்ல.’ எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். “கேட்டா சொல்லணும்ல” என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. நாற்பத்தேழாயிரம் ரூபாயை நேர்மைக்கு அடகு வைக்கிறாள் என்று தோன்றியது.

சனிக்கிழமை உட்கார்ந்து கடந்த ஆறு மாத ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தோம். முன்பே சின்னத் தொகை ஏதாவது போயிருக்கிறதா என்று பார்க்கலாம் என்பது என் யோசனை. நான் வரி வரியாக வாசிப்பேன், அவள் சொல்வாள். மெடிக்கல் ஷாப், என்னுது. பெட்ரோல், உன்னுது. துணிக்கடை 2,340, அம்மாவுக்கு எடுத்தது. “அது எப்ப?” “பொங்கலுக்கு.” “அவ்ளோவா?” மூன்றாவது பக்கத்தில் அவள் பதில் வெறும் ‘என்னுது’ என்று சுருங்கிவிட்டது. நான் கவனிக்கவில்லை.

ஒரு இடத்தில் 1,499 ரூபாய். கடைப் பெயர் புரியவில்லை. “இது சந்தேகமா இருக்கு, இதையும் சேத்துரலாம்” என்றேன்.

“அது என்னுது.”

“என்ன அது?”

“என்னுதுன்னு சொன்னேன்ல.”

“அதான், எதுக்கு?”

அவள் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். “இதுல எதுக்குன்னு எங்கயாவது கேட்டிருக்கானா?”

கேட்கவில்லை. தேதி, கடை, தொகை. நீ செய்ததா, இல்லையா. அதற்கு மேல் ஒரு கட்டமும் இல்லை.

அடுத்த வரிக்குப் போனேன்.

*

இனி வருவதை எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அடுத்த வாரம் புது கார்டு கூரியரில் வந்தது. அவள் போனில் ஆப்பைத் திறந்து அதைச் சேர்த்துக்கொடுத்தேன். கீழே சுவிட்சுகள் இருந்தன. ஆன்லைன்: ஆஃப். வெளிநாட்டுப் பரிவர்த்தனை: ஆஃப். 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி அது. புதுக் கார்டுகள் இவை அணைக்கப்பட்ட நிலையில்தான் வர வேண்டும். வேண்டுமென்றால் கார்டுக்காரர் தானே போட்டுக்கொள்ளலாம்.

பழைய கார்டும் அப்படித்தான் வந்திருக்கும். அவள் இதுவரை ஒரு வெளிநாட்டுத் தளத்திலும் எதுவும் வாங்கியதில்லை. அப்படியானால் அதை யார் போட்டது?

நான்தான். மார்ச் மாதம் போட்டோ எடிட் செய்யும் ஒரு வெளிநாட்டுத் தளத்துக்கு வருடச் சந்தா கட்ட வேண்டியிருந்தது. என் கார்டில் லிமிட் இல்லை. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் போனை எடுத்தேன், அந்தச் சுவிட்சைப் போட்டேன், பணம் கட்டினேன், போனை வைத்துவிட்டேன். கார்டு எடுத்ததை மறுநாள் சொன்னேன், பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். சுவிட்சை அணைக்கவில்லை. ஐந்து மாதம் அது திறந்தே கிடந்தது.

விவரம் எங்கிருந்து கசிந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருவேளை நான் கட்டிய தளத்திலிருந்தே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்தச் சுவிட்ச் அணைந்திருந்தால் அந்த நான்கும் நடந்திருக்காது.

“இது என்ன?” என்று என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

“ஃபாரின் ட்ரான்ஸாக்‌ஷன். ஆஃப்லயே இருக்கட்டும்.”

அப்படியே சொல்லிவிட்டு மேலே உருட்டினேன். குரல்கூட மாறவில்லை.

ஒன்பதாவது வேலை நாளில் 47,481 ரூபாய் 40 காசு தற்காலிகமாக வரவானது. அதற்குள் பில் தேதி வந்துவிட்டது. சர்ச்சையில் இல்லாத தொகையை மட்டும் கட்டினோம். இருந்தும் தாமதக் கட்டணம் 500, அதற்கு ஜிஎஸ்டி 90 என்று ஒரு வரி வந்தது. அவளே போன் செய்து, அவளே பேசி, அதை நீக்க வைத்தாள். நான் அடுக்களையிலேயே நின்றுகொண்டேன். படிவத்தின் ஓரத்தில் எழுதியதைப் பற்றி வங்கி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்து அன்றுதான் சொன்னாள். “அவருதாம்மா எல்லாம் படிச்சுப் பாத்து பண்ணாரு. இல்லன்னா அவ்ளோவும் போயிருக்கும்.” ஸ்பீக்கரில் மாமியார் குரல்: “மாப்ளயாட்டம் ஒருத்தர் இருக்கப் போய்த் தப்பிச்ச. நீயா இருந்தா கோட்ட விட்டிருப்ப. மாப்ள, சாப்டீங்களா?”

“சாப்டேன் அத்த” என்றேன்.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

“ஒண்ணு சொல்லணும்.”

சிரித்தாள். “திட்டமாட்டேன்னு சொல்லணுமா?”

சொன்னேன். மார்ச் மாதம், சந்தா, சுவிட்ச், எல்லாம். கேட்டுக்கொண்டே ஒரு பெட்ஷீட்டை மடித்து முடித்தாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“புது கார்டு வந்த அன்னைக்கு.”

விரலை மடக்கி எண்ணினாள். “அஞ்சு வாரம்.”

“ம்.”

“நான் ரெண்டு நாள்” என்றாள்.

துணிகளைக் கையில் அள்ளிக்கொண்டு கீழே போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வாரம் ஆப்பின் பாஸ்வேர்டையும் போன் பின்னையும் மாற்றினாள். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் மாற்றினாள். புதிய எண்ணைச் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

அறுபத்தெட்டாவது நாள் வங்கியிடமிருந்து மெயில் வந்தது. புகார் அவளுக்குச் சாதகமாக முடிக்கப்பட்டது, தற்காலிக வரவு நிரந்தரமாக்கப்பட்டது என்று இரண்டு வரி. யார் எடுத்தார்கள், எந்த ஊரிலிருந்து, எப்படி என்பதெல்லாம் இல்லை. எங்கே உடைந்தது என்று கண்டுபிடிக்காமலேயே ஒரு டிக்கெட் மூடப்பட்டது. என் வேலையில் அப்படி மூடினால் விடமாட்டார்கள்.

டிசம்பரில் அக்கா பையன் பிறந்தநாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா என்னைப் பார்த்து, “டேய், அந்த ஈபி கதையச் சொல்லேன், இவருக்குத் தெரியாது” என்றார். பக்கத்தில் புதிதாக யாரோ ஒரு உறவினர். எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது அவளிடம் ஒரு கதை இருக்கிறது. ஈபி கதையைவிடப் பெரிய கதை. ராத்திரியில் போனை எடுத்தது, சுவிட்ச், மனைவியின் இன்பாக்ஸைக் குடைந்த கணவன். என் குரலில் “ஓடிபி யாருக்குச் சொன்ன” என்று அவள் ஒருமுறை பேசிக் காட்டினால் போதும், மொத்தப் பந்தியும் சிரிக்கும். அவளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பிறகு பக்கத்து இலைக்கு ரசம் வரவில்லை என்று கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

“அன்னைக்கு பில் கட்ட மறந்தது நான்தான் மாமா” என்றேன். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன்.

“ஈபியும் வருமா?”

“வரும். நான் பில் கட்டாததும் வரும்.”

“சரி, எழுது” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த 1,499 என்னன்னு மட்டும் இப்பவும் கேக்காத” என்றாள்.

கேட்கவில்லை.